பாறை வளருமா?

சமீப காலமாக "நிலைத்த அபிவிருத்தி" என்னும் ஒரு வார்த்தை சர்க்கார் அறிக்கைகளிலும், கம்பெனி விளம்பரங்களிலும், ஆராய்ச்சிப் புத்தகங்களிலும் சகஸ்ரநாமம் போல் ஓதப்பட்டு வருகிறது. காட்டை வெட்டினாலும் நிலைத்த அபிவிருத்தி. கடலைத் தூர்த்தாலும் நிலைத்த அபிவிருத்தி. இப்போது பாஸ்பேட் பாறை தோண்டுகிறவர்களும் தங்கள் தொழிலுக்கு இந்த நாமத்தையே சாத்திக் கொண்டிருக்கிறார்கள். வெட்டிய மரம் துளிர்க்கலாம். பிடித்த மீன் அதற்கு முன்பே முட்டையிட்டிருக்கலாம். தோண்டிய பாறை மறுபடியும் வளருமா என்று நாம் கேட்கிறோம். வளரும் என்று சொல்ல, சுயம்பு லிங்கத்திற்குத் தல புராணம் எழுதினவர்களால்தான் முடியும்.

பாஸ்பேட் எங்கேயோ இருக்கும் சங்கதி, நமக்கென்ன என்று வாசகர்கள் எண்ண வேண்டாம். நம் குடியானவர் கடன் வாங்கி வயலில் போடும் டி.ஏ.பி. மூட்டையும் சூப்பர் பாஸ்பேட்டும் இந்தப் பாறையிலிருந்து வந்தவையே. இந்தியா தனக்கு வேண்டியதில் பெரும் பகுதியை அந்நிய தேசங்களிலிருந்தே வாங்குகிறது. பயிருக்கும், மிருகத்திற்கும், மனிதனுக்கும் பாஸ்பரஸ் இல்லாமல் உயிர் இல்லை. அதற்குப் பதிலாக வேறொன்றைப் போட்டுச் சமாளிக்கவும் வழியில்லை. 1842-ல் லாஸ் என்னும் ஆங்கிலேயர், பாஸ்பேட்டைக் கந்தக திராவகத்தில் கரைத்துச் செயற்கை உரம் செய்யும் முறைக்குச் சர்க்காரிடம் உரிமை பெற்றார். அதிலிருந்து உலகெங்கும் பாறை தேடும் வேட்டை துவங்கிற்று. ஆகவே தோண்டவே கூடாதென்று சொல்லுவது பைத்தியக்காரத்தனம். எவ்வளவு, எவ்வளவு காலத்தில், யாருடைய சம்மதத்தின் பேரில், யார் செய்த ஆராய்ச்சியின் பேரில் தோண்டுவது என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டால் என்ன நேரும் என்பதற்குப் பசிபிக் சமுத்திரத்திலுள்ள நவ்ரு தீவே போதுமானது. அதன் மொத்த விஸ்தீரணம் 21 சதுர கிலோ மீட்டர்தான். சிட்னி நகரத்துக் கம்பெனி ஆபீசில் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்த ஒரு கல்லை எல்லிஸ் என்பவர் சோதித்துப் பார்த்து, அது உயர்ந்த ரக பாஸ்பேட் என்று கண்டார். அது நவ்ருவிலிருந்து வந்த கல். பக்கத்திலுள்ள பனாபா தீவிலும் அதே பாறை இருந்தது. அங்கே 1900-ல் அத்தீவாரோடு ஓர் ஒப்பந்தம் செய்து கொண்டார்கள். வருஷத்திற்கு 50 பவுன் வாடகை. வாய்தா 999 வருஷம்! ஒப்பந்தம் என்றால் என்ன, பாஸ்பேட் என்றால் என்ன என்று தெரியாத ஜனங்களிடம் வாங்கிய கையெழுத்து அது. 999 வருஷம் எங்கே? 1979-ல் பாறையே தீர்ந்துபோயிற்று. அதற்கு வெகு நாள் முன்பே, 1945-லேயே, பனாபா ஜனங்களைக் கப்பலேற்றி பிஜியைச் சேர்ந்த ராபி தீவில் கொண்டுபோய் இறக்கி விட்டார்கள்.

நவ்ருவை முதலில் ஜெர்மானியர் ஆண்டார்கள். முதல் உலக யுத்தத்திற்குப் பிறகு பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூஜிலாந்து ஆகிய மூன்று சர்க்கார்களும் 1919-ல் ஓர் உடன்படிக்கை செய்து பாறையைப் பங்கு போட்டுக் கொண்டன. பிரிட்டனுக்கு நூற்றுக்கு 42, ஆஸ்திரேலியாவுக்கு 42, நியூஜிலாந்துக்கு 16 என்பது பங்கு. மண்ணுக்குடையவனான நவ்ருக்காரனுக்கு ஆரம்பத்தில் டன்னுக்கு அரைப் பென்னி. ஆஸ்திரேலியாவிலும் நியூஜிலாந்திலும் புல் செழித்தது, ஆடு மாடு கொழுத்தது. நவ்ருவில் ஐந்தில் நான்கு பங்கு நிலம் தோண்டப்பட்டு, இரண்டு ஆள் மூன்று ஆள் உயரத்திற்கு வெறும் சுண்ணாம்புக் கல் ஊசிகள் நிற்கின்றன. அதிலே விதை போட முடியாது, வீடு கட்ட முடியாது, நடந்து போவதும் கஷ்டம். நிலம் பாழானதற்குப் பரிகாரமாக எல்லாரையும் குயின்ஸ்லாந்துக் கரையோரமுள்ள கர்ட்டிஸ் தீவுக்குக் குடியேற்றலாம் என்று ஆஸ்திரேலிய சர்க்கார் சொல்லிப் பார்த்தது. நவ்ருக்காரர்கள் மானமுள்ளவர்கள், 1964-ல் முடியாது என்று சொல்லி விட்டார்கள்.

1968-ல் நவ்ரு விடுதலை பெற்றது. தங்கள் சொந்தப் பாறையைத் தோண்டும் தொழிலை வெள்ளைக்காரரிடமிருந்து 2 கோடியே 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் கொடுத்து வாங்கினார்கள். பின்பு கொஞ்ச காலம் உலகிலேயே தலைக்கு அதிக வருமானமுள்ள தேசங்களில் ஒன்றாய் இருந்தார்கள். ஆனால் எஜமான் மாறினானே தவிர தோண்டும் வேகம் மாறவில்லை. வந்த பணத்தில் மெல்போர்னில் 52 மாடிக் கட்டடம் எழுப்பினார்கள். 1993-ல் லண்டனில் ஒரு சங்கீத நாடகத்திற்குப் பணம் போட்டு நஷ்டப்பட்டார்கள். 2004-ல் கட்டடமும் கடனுக்காக விலை போயிற்று. வெள்ளைக்காரன் செய்தால் கொள்ளை, நம்மவன் செய்தால் சுயராஜ்யம் என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை படித்துப் பார்ப்பது நல்லது.

நிற்க, பாழான நிலத்தைச் செப்பனிடுவது யார் பொறுப்பு என்று விசாரிக்க நவ்ரு சர்க்கார் 1986-ல் ஒரு கமிஷன் நியமித்தது. அதற்குத் தலைவர் இலங்கையைச் சேர்ந்த நீதிபதி வீரமந்திரி. அதன் பேரில் நவ்ரு 1989-ல் ஹேக் நகரத்து சர்வதேச நீதிமன்றத்தில் ஆஸ்திரேலியா மீது வழக்குப் போட்டது. 1993-ல் ஆஸ்திரேலியா 10 கோடியே 70 லட்சம் டாலர் தர ஒப்புக் கொண்டு ராஜியாயிற்று. அதே வீரமந்திரி பிற்காலத்தில் அந்த நீதிமன்றத்திலேயே நீதிபதியாகி, 1997-ல் டான்யூப் நதி அணைக்கட்டு வழக்கில் ஒரு தனி அபிப்பிராயம் எழுதினார். நிலைத்த அபிவிருத்தி என்பது மேடைப் பேச்சல்ல, சட்டத்தின் கொள்கையே என்பது அதன் சாரம். அதற்குச் சாட்சியாக அவர் இலங்கையின் பழைய ஏரி குளங்களையும் எடுத்துக் காட்டினார்.

மூன்று வருஷத்தில் அந்த அபிப்பிராயம் அவருடைய சொந்த நாட்டுக்கே, அதுவும் ஒரு பாஸ்பேட் வழக்குக்கே, வந்து உதவிற்று. அநுராதபுரம் ஜில்லாவில் எப்பாவலை என்னும் ஊர் இருக்கிறது. அங்கே 1971-ல் பாஸ்பேட் கண்டுபிடிக்கப்பட்டது. அந்தக் கல் இலேசில் கரையாது. ஆகையால் பொடியாக்கித் தேயிலை, ரப்பர், தென்னை ஆகியவைகளுக்குப் போட்டு வந்தார்கள். வருஷத்திற்குச் சுமார் 40 ஆயிரம் டன்தான் எடுத்தார்கள். பிறகு ஓர் அமெரிக்கக் கம்பெனி வந்தது. முப்பது வருஷத்தில் 2 கோடியே 61 லட்சம் டன் வெட்டி எடுப்பது, திருக்கோணமலையில் ஒரு தொழிற்சாலை வைத்து திராவகமும் உரமும் செய்து ஏற்றுமதி செய்வது என்பது திட்டம். இந்தத் திராவகம் ஒரு டன் செய்தால், இலேசான கதிரியக்கமுள்ள ஜிப்சக் கழிவு சுமார் ஐந்து டன் மிஞ்சும் என்பதையும் வாசகர்கள் சேர்த்து எண்ணிக் கொள்ள வேண்டும். தோண்டும் எல்லைக்குள் வயல்களும், குளங்களும், ஆயிரத்தைந்நூறு வருஷத்துப் பழமையுள்ள ஜய கங்கைக் கால்வாயின் ஒரு பகுதியும் இருந்தன.

ஒப்பந்தத்தின் சூட்சுமம் வேறோர் இடத்தில் இருந்தது. நாட்டுச் சட்டப்படி இப்படிப்பட்ட வேலைக்கு முன்னால் சுற்றுப்புறப் பாதிப்பு ஆராய்ச்சி செய்து, அறிக்கையைப் பொதுஜனங்கள் பார்வைக்கு வைத்து, ஆட்சேபணை கேட்க வேண்டும். ஒப்பந்தமோ, கையெழுத்துப் போட்ட பிறகு கம்பெனியே தன் செலவில் ஆராய்ந்து கொள்ளும் என்று வைத்திருந்தது. அதாவது பெண்ணைக் கட்டிக் கொண்ட பிறகு ஜாதகம் பார்ப்பது. அதையும் மாப்பிள்ளையே எழுதிக் கொள்வது! பூமிக்கடியில் எவ்வளவு பாறை இருக்கிறது என்றே சரியாக அளந்து முடியவில்லை என்று இலங்கை விஞ்ஞானிகள் எடுத்துச் சொல்லியும், சர்க்கார் செவி சாய்க்கவில்லை.

அவ்வூர்க் குடியானவர்கள் சிலர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். மனுதாரரில் ஒருவர் உள்ளூர் விகாரையின் தலைமைப் பிக்கு. அவர் பிரித் ஓதிப் பாறையைக் காப்பாற்றப் பார்க்கவில்லை, வக்கீல் வைத்தார் என்பதை நாம் சந்தோஷத்தோடு குறிப்பிடுகிறோம். 2000-ம் வருஷம் ஜூன் மாதம் தீர்ப்பாயிற்று. அப்போது எடுத்து வந்த வேகத்தில் எடுத்தால் ஆயிரம் வருஷம் வரக் கூடிய பாறை, கம்பெனி திட்டப்படி முப்பது வருஷத்தில் தீர்ந்து போகும் என்று கோர்ட்டார் எடுத்துக் காட்டினார்கள். முதலில் பூரணமாக ஆராய்ச்சி செய்ய வேண்டும், முடிவை வெளியிட வேண்டும், சட்டப்படி பாதிப்பு அறிக்கைக்கு அனுமதி பெற வேண்டும், அதற்கு முன் ஒப்பந்தம் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். வீரமந்திரியின் அபிப்பிராயமும் அந்தத் தீர்ப்பில் எடுத்தாளப்பட்டது.

கோர்ட்டார் ஆராய்ச்சி வேண்டாமென்று சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆராய்ச்சி முந்த வேண்டும், அது ஊரான் கையில் கிடைக்க வேண்டும் என்றுதான் சொன்னார்கள். வேதத்தைச் சூத்திரன் கேட்கக் கூடாது என்று வைத்திருந்தவர்களுக்கும், பூமியின் கணக்கை அதன் மேல் குடியிருப்பவன் பார்க்கக் கூடாது என்கிறவர்களுக்கும் நாம் வித்தியாசம் காணவில்லை.

பாறை வளராது என்றால் வழிதான் என்ன என்று சிலர் கேட்கலாம். வழி நம் கொல்லைப் புறத்திலேயே இருக்கிறது. பாஸ்பரஸை முதன்முதல் பிரித்தெடுத்தது 1669-ல், ஹாம்பர்க் நகரத்து பிராண்ட் என்பவர். தங்கம் செய்கிறேன் என்று மூத்திரத்தைக் காய்ச்சினார். தங்கம் வரவில்லை, இருட்டில் ஒளிவிடும் இந்தப் பொருள் வந்தது. நாம் தின்னும் பாஸ்பரஸில் பெரும் பாகம் உடம்பில் தங்காமல் வெளியேதான் போகிறது. அதைச் சாக்கடையில் விட்டு, ஏரியில் பாசி பிடிக்க வைத்துவிட்டு, மறுபடியும் கடல் கடந்து பாறை வாங்குகிறோம். கழிவு நீரிலிருந்து அதை உரக் கட்டியாகப் பிரித்தெடுக்கும் ஆலைகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடக்கின்றன. நம் நாட்டிலோ மலத்தைத் தொடுவது தீட்டு என்று சொல்லி, அதை அள்ளுவதற்கென்றே ஒரு ஜாதியை வைத்தார்கள். கையால் அள்ள வைப்பதைத் தடுக்க 2013-லும் புதிதாகச் சட்டம் போட வேண்டியிருந்தது. இந்தப் புத்தி உள்ளவரை, கழிவில் உரம் இருக்கிறது என்னும் ஆராய்ச்சியை இங்கே எந்த மேல்ஜாதி எஞ்சினீயர் மனதோடு செய்வார்? ஜெர்மனி தேசத்தார் 2017-ல் விதி செய்து விட்டார்கள். பெரிய நகரங்களின் கழிவு நீர் நிலையங்கள் கசடிலிருந்து பாஸ்பரஸை மீட்டே ஆக வேண்டும் என்பது அந்த விதி. அதற்கு வைத்திருக்கும் கெடு 2029-ம் வருஷம்.