கலரிக் காசு

மாணவர்க்குச் சினிமா ஆகாது என்று விலக்குவோர் நம்மிடையே இன்னும் உளர். அவர் கூற்றை நான் ஒப்பேன். விலக்கினால் ஒளித்துப் பார்ப்பர். தெரிந்தெடுத்துப் பார்க்கக் கற்பிப்பதே ஆசிரியர் கடன்.

முன்னாளில் யாழ்ப்பாணத்துத் தியேட்டர்களில் திரைக்கு அண்மையிலிருந்த கலரியே மாணவர்க்குரிய இடம். அதன் கட்டணமே ஆகக் குறைந்தது. உரும்பிராயிலிருந்து பலாலி வீதியாற் சைக்கிளிற் சென்றால் பஸ் காசும் மிஞ்சும். திரும்பும்போது, கோண்டாவில் கடக்குமுன்னரே படம் முழுவதும் வாதிக்கப்பட்டுவிடும். அவ்விரண்டாங் காட்சிக்குக் கட்டணமே இல்லை.

ஆயின், அச்சிறு காசு எதற்குச் சென்றது என்பதே என் கேள்வி. தர்மசேன பத்திராஜா என்னும் சிங்களக் கலைஞர் இயக்கிய ‘பொன்மணி’ 1977இல் வெளிவந்தது. யாழ்ப்பாணத்துச் சாதியையும் சீதனத்தையும் அது நமக்கே காட்டிற்று. பார்ப்பாரின்மையால் நெடுநாள் ஓடவில்லை. தமிழகத்து நட்சத்திரப் படங்களுக்கோ கலரி நிரம்பி வழிந்தது. 1978இல் வந்த ‘வாடைக்காற்று’, செங்கை ஆழியானின் நாவலிலிருந்து பிறந்தது. நாவலை இரவல் பெற்று வாசித்தபின் படத்தைப் பார்த்த மாணவன், ஒரு காசில் இரு பயன் கொண்டான் அன்றோ?

2015 தொடக்கம் யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழா பிறநாட்டுப் படங்களையும் நம் வாயிலுக்குக் கொணர்ந்துள்ளது. தெரிவு செய்ய இடமில்லை என்று இனி மாணவர் கூறுதல் பொருந்தாது.

மூன்று படங்களுக்குரிய பணத்தில் நல்லதொன்றைப் பாருங்கள், நண்பரோடு வாதியுங்கள், எஞ்சியதற்கு நூல் வாங்குங்கள். மாணவன் காசு சிறிது. எனினும், அது சேராத கலை நம் மண்ணில் நிலைப்பதில்லை.