681 மரணங்கள்: இந்த எண்ணை நம்பி நிம்மதி அடையலாமா?

2022ஆம் ஆண்டு இந்தியாவில் போதைப்பொருளை அளவுக்கு மீறி எடுத்துக்கொண்டதால் இறந்தவர்கள் 681 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். அதே ஆண்டில் அமெரிக்காவில் இப்படி இறந்தவர்கள் சுமார் 1,08,000 பேர். அந்நாட்டின் மக்கள்தொகையோ நம் நாட்டின் மக்கள்தொகையில் கால் பங்குதான்.

'அல்ஹம்துலில்லாஹ், நாம் தப்பித்தோம்' என்று பெருமூச்சு விடுவதற்கு முன் இன்னொரு கணக்கையும் பார்த்துவிடுவோம்.

மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் நடத்திய ஆய்வு 2019இல் வெளியானது. அபின், ஹெராயின், போதை தரும் வலிநிவாரணி மாத்திரைகள் ஆகிய ஓபியாய்டு வகைகளைப் பயன்படுத்துவோர் நாட்டில் 2.26 கோடிப் பேர் என்றும், அவர்களில் சுமார் 77 லட்சம் பேருக்கு உதவி தேவை என்றும் அது மதிப்பிட்டது. 77 லட்சம் பேர் தத்தளிக்கும் இடத்தில் ஆண்டுக்கு 681 மரணங்கள் மட்டும்தானா?

அமெரிக்காவில் உயிர்களைக் குடிக்கும் ஃபென்டனில் இங்கே அந்த அளவுக்குப் பரவவில்லை என்பது உண்மை. ஆனால் வித்தியாசம் அதனால் மட்டும் வந்ததல்ல. 681 என்பது காவல் நிலையப் பதிவுகளிலிருந்து வரும் எண். காவல்துறைக்குச் செல்லாத மரணம் அதில் இடம்பெறாது. 2020இல் இந்தியாவில் பதிவான மரணங்களில் மருத்துவர் காரணத்தைச் சான்றளித்தவை 22.5 சதவீதம் மட்டுமே. மீதமுள்ளவர்கள் எதனால் இறந்தார்கள் என்பதற்கு மருத்துவச் சான்று இல்லை.

இதில் நம் பங்கும் இருக்கிறது. இருபது வயதுப் பிள்ளை காலையில் எழுந்திருக்கவில்லை. 'நெஞ்சுவலி' என்று சொல்லி, மாலைக்குள் அடக்கம் செய்துவிடுகிறோம். குடும்பத்தின் மானம் காக்கப்பட்டது என நினைக்கிறோம். இறந்தவரின் குறையை ஊரறியப் பேசாமல் இருப்பது நல்ல பண்புதான், அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் மருத்துவரிடமும் மறைத்தால், அதே தெருவில் அதே மாத்திரையை வாங்கும் அடுத்த பிள்ளையை யார் எச்சரிப்பது?

கணக்கு சரியாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவே சான்று. அங்கே இறப்புச் சான்றிதழில் எந்தப் போதைப்பொருள் என்பதும் பதிவாகிறது. மாவட்ட வாரியான தற்காலிகக் கணக்குகளும் வெளியாகின்றன. 1990களில் வலிநிவாரணி மாத்திரைகள், 2010க்குப் பின் ஹெராயின், 2013க்குப் பின் ஃபென்டனில் என ஆபத்து உருமாறியதை அந்தக் கணக்குகளே காட்டின. மூச்சு அடங்குபவரை மீட்கும் நலாக்சோன் மருந்து எங்கே அதிகம் தேவை என்பதும் தெரிந்தது. 2023இல் அந்த மருந்தை மருத்துவர் சீட்டு இல்லாமலேயே விற்க அனுமதி கிடைத்தது. 2024இல் மரணங்கள் சுமார் 80,000ஆகக் குறைந்தன. இதற்கு ஒரே காரணத்தைச் சொல்ல முடியாது. ஆனால் எண்ணிப் பார்த்ததால்தான் குறைந்தது என்பதே தெரிகிறது.

தமிழகத்தில் டேபென்டடால் போன்ற வலிநிவாரணி மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்கள் பிடிபடும் செய்திகளைத் தொடர்ந்து படிக்கிறோம். எத்தனை மாத்திரைகள் பறிமுதல், எத்தனை பேர் கைது என்ற எண்கள் உடனே வருகின்றன. எத்தனை பேர் சிகிச்சைக்கு வந்தார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்ற எண்கள்தான் வருவதில்லை. மாவட்ட வாரியாக அவற்றை வெளியிடுமாறு அரசிடம் கேட்க வேண்டும்.

பெற்றோர் அறிய வேண்டியவையும் உண்டு. சிகிச்சை முடிந்தோ சிறையிலிருந்தோ திரும்பும் முதல் சில வாரங்கள்தான் மிக ஆபத்தானவை. போதைக்குப் பழகியிருந்த உடல் அந்தத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும். பழைய அளவே உயிரைப் பறித்துவிடும். எழுப்பினாலும் எழாமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலமானால் 'தூங்கட்டும்' என்று விடாதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள். என்ன உட்கொண்டார் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். போதைப்பொருளுக்கு அடிமையானவர் தானாகச் சிகிச்சைக்கு முன்வந்தால், சொந்தப் பயன்பாட்டுக்கான குற்றங்களில் அவருக்குப் பாதுகாப்பு அளிக்க சட்டத்தின் 64ஏ பிரிவு வழிசெய்கிறது. ஆலோசனைக்கு 14446 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது.

ஜும்ஆ மேடைகளில் 'போதை ஹராம்' என்று சொல்வதோடு, இந்த எண்ணையும் சேர்த்துச் சொல்வோம். சிக்கிக்கொண்ட பிள்ளையின் தாய், ஊர் என்ன சொல்லுமோ என்று அஞ்சாமல் ஜமாஅத்தின் கதவைத் தட்ட முடிய வேண்டும். ஜனாஸாவுக்குத் திரளும் நாம், அதற்கு முன்பே அந்த வீட்டுக்குப் போயிருக்க வேண்டாமா?