பெயருக்காகக் காத்திருந்த கற்கள்

2010 ஜனவரி 30. வடபிரான்சில் லீல் நகரத்துக்கு மேற்கே உள்ள ஃப்ரொமெல் என்ற சிற்றூரில், தேவாலயத்துக்கு எதிரே, ஒரு கல்லறைத் தோட்டம் அரைகுறையாக எழும்பி நின்றது. கட்டட வேலை முடியவில்லை. திறப்பு விழாவுக்கு இன்னும் ஆறு மாதம் இருந்தது. அந்த நிலையிலேயே முதல் சவப்பெட்டியைக் குழியில் இறக்கினார்கள். உள்ளே இருந்தவர் 1916 ஜூலையில் செத்தவர். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. அடுத்த மூன்று வாரங்களில் அவருக்குப் பக்கத்தில், வரிசை வரிசையாக, இன்னும் 248 பேரை அடக்கம் செய்தார்கள். கடைசி ஒருவரை மட்டும் ஜூலை 19ஆம் தேதிக்காக வைத்திருந்தார்கள். அது அவர்கள் எல்லோரும் விழுந்த நாள்.

கட்டி முடித்த போர்க் கல்லறைத் தோட்டங்களைப் பலரும் பார்த்திருப்பார்கள். சென்னையிலேயே, நந்தம்பாக்கத்தில், பூந்தமல்லி சாலையை ஒட்டி ஒன்று இருக்கிறது. வெட்டிய புல், ஒரே உயரத்தில் கற்கள், ஒவ்வொன்றின் அடியிலும் பூச்செடி. உள்ளே நுழைந்ததும் குரல் தானாகத் தாழ்ந்துவிடும். ஆதிகாலம் முதல் அப்படியே இருந்ததுபோல் தோன்றும். உண்மையில் அங்கே படுத்திருக்கும் 856 பேரும் தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் சிதறிக்கிடந்த பல இடுகாடுகளிலிருந்து 1952 வாக்கில் கொண்டுவரப்பட்டவர்கள். அந்த இடுகாடுகளை நெடுங்காலம் பராமரிக்க முடியாது என்று யாரோ முடிவெடுத்தார்கள். யாரோ தோண்டினார்கள், சுமந்தார்கள், மறுபடி புதைத்தார்கள். புல் மூடியபின் அந்த வேலை எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அதனால்தான் இத்தகைய இடங்களைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே போய்ப் பார்க்க வேண்டும். ஃப்ரொமெல் அந்த வாய்ப்பைக் கொடுத்தது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு புதிதாகக் கட்டிய முதல் கல்லறைத் தோட்டம் அது. செத்தவனுக்குப் பெயர் வைத்துக் கல் நடுவது தானாக நடக்கிற காரியமில்லை, உயிரோடு இருப்பவர்கள் எடுக்கும் முடிவு என்பதை அந்த ஊர்க் களிமண் வெளிப்படையாகக் காட்டியது.

1916 ஜூலை 19 மாலை ஆறு மணி. கோடைக்காலமானதால் நல்ல வெளிச்சம். பிரான்சுக்கு வந்து சில வாரங்களே ஆகியிருந்த ஆஸ்திரேலிய ஐந்தாவது டிவிஷனும், பிரிட்டனின் 61ஆவது டிவிஷனும் திறந்த வெளியில் ஜெர்மன் அரணை நோக்கி நடந்தன. தெற்கே சோம் நதிக்கரையில் பெரும்போர் நடந்துகொண்டிருந்தது. ஜெர்மானியர் இங்கிருந்து அங்கே ஆள் அனுப்பாமல் தடுப்பதற்கான கண்கட்டு வேலைதான் இந்தத் தாக்குதல். சுகர் லோஃப் என்று பெயரிட்டிருந்த முனையிலிருந்து எந்திரத் துப்பாக்கிகள் குறுக்காகச் சுட்டன. ஒரே இரவில் ஆஸ்திரேலியத் தரப்பில் மட்டும் செத்தவர், காயம்பட்டவர், சிறைப்பட்டவர் எல்லாம் சேர்த்து 5,533 பேர். பிரிட்டிஷ் தரப்பில் 1,500க்கும் மேல். ஓரடி நிலம்கூடக் கைக்கு வரவில்லை.

ஜெர்மன் பதுங்குகுழிகள் வரை போய் அங்கேயே விழுந்தவர்களின் உடல்கள் எதிரியின் கையில் இருந்தன. இரண்டு நாள் கழித்து, பவேரியப் படைப்பிரிவின் தளபதி ஒருவர், சுமார் நானூறு உடல்களுக்குக் குழி வெட்டும்படி எழுத்தில் ஆணையிட்டார். ஃபெசன்ட் வுட் என்ற சிறு காட்டின் ஓரத்தில் எட்டுக் குழிகள் வெட்டினார்கள். கழுத்தில் இருந்த அடையாள வில்லைகளைக் கழற்றிச் செஞ்சிலுவைச் சங்கம் வழியாக மறுதரப்புக்கு அனுப்பிவைத்தார்கள். எதிரி தன் கடமையைச் செய்தான் என்றுதான் சொல்ல வேண்டும். போர் முடிந்தபின் அந்த வட்டாரமெங்கும் தோண்டிப் பிணம் தேடிய பிரிட்டிஷ் குழுக்கள்தான் இந்தக் குழிகளைத் தவறவிட்டன. அதன் மேல் உழுதார்கள், விதைத்தார்கள். எண்பது அறுவடைகளுக்கு மேல் கடந்து போயின.

தவறு நடந்திருக்கிறது என்று கண்டுபிடித்தவர் ராணுவத் தளபதியுமில்லை, பேராசிரியருமில்லை. லாம்பிஸ் எங்லெசோஸ் மெல்பர்னில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், கிரேக்கத்தில் பிறந்தவர், ஃப்ரொமெலில் அவருக்கு இழக்க உறவினர் யாருமில்லை. அவர் செய்தது வெறும் கணக்கு. காணாமற்போனவர்கள் இத்தனை, அந்தச் சுற்றுவட்டாரக் கல்லறைகளில் பெயரின்றிக் கிடப்பவர்கள் இத்தனை. கழித்துப் பார்த்தால் நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்கள் கணக்கில் வரவில்லை. அவர்கள் எங்கே? 1916இல் விமானத்திலிருந்து எடுத்த படங்களில் காட்டோரம் குழிகள் தெரிந்தன. சில மூடியிருந்தன, சில திறந்தே கிடந்தன. செஞ்சிலுவைச் சங்கத்தின் பழைய கோப்புகளும் அதே இடத்தைச் சுட்டின. போருக்குப் பின்பே அந்த உடல்களை எடுத்திருப்பார்கள் என்பது அதிகாரிகளின் பதில். அவர் விடவில்லை. 2007இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத் தொல்லியலாளர்கள் நிலத்தைக் கிளறாமல் கருவிகளால் துழாவியபோது, மேல்மண்ணில் ஒரு சிறிய பதக்கம் அகப்பட்டது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், ஆல்பர்ட்டன் வட்டார மக்கள் போருக்குப் போன தங்கள் பிள்ளைகளுக்கு நல்வாழ்த்தாகக் கொடுத்தனுப்பிய பதக்கம் அது. மறுஆண்டு சோதனைக் குழி வெட்டினார்கள். எலும்புகள் இருந்தன.

அப்போதும் அவர்களை அங்கேயே விட்டுவிடலாம், மேலே ஒரு நினைவுச் சின்னம் போதும் என்று சொன்னவர்கள் உண்டு. அது ஒதுக்கித் தள்ளக்கூடிய வாதமில்லை. தொண்ணூறு ஆண்டு மண்ணில் கிடந்தவர்களைக் கிளறி எடுப்பது மரியாதையா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அந்தக் குழிகள் யாருடைய விருப்பத்தாலும் அமைந்த கல்லறை அல்ல. தாக்குதலை அடுத்த நாள்களில் கோடை வெயிலில் அழுகிக்கொண்டிருந்த உடல்களை அப்புறப்படுத்த அவசரமாக வெட்டியவை. ஒவ்வொருவரையும் தனியாக எடுத்து, தனிக் குழியில், தனிக் கல்லின் கீழ் வைப்பது என்று 2008இல் பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் முடிவு செய்தன. அந்த முடிவு சரியானது.

2009 மே முதல் செப்டம்பர் வரை ஆக்ஸ்ஃபோர்டு தொல்லியல் குழு வேலை செய்தது. எடுத்தது 250 உடல்கள். கூடவே ஆயிரக்கணக்கான பொருள்கள்: பொத்தான், பூட்ஸ், பெல்ட் கொக்கி, சிலுவை, பேனா. ஒருவரிடம் ரயில் டிக்கெட் ஒன்று இருந்தது. ஃப்ரீமாண்டிலிலிருந்து பெர்த்துக்குத் திரும்பி வருவதற்கான பாதிச் சீட்டு. ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில், அரை மணி நேரப் பயணம். கப்பல் ஏறும்போது சட்டைப்பையில் போட்டவர் அதைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். மட்கிப்போகாமல் களிமண் அதைக் காத்துக் கொடுத்தது.

அடக்கம் செய்யும்போது இவர்களில் யார் யார் என்று தெரியாது. எலும்பிலிருந்தும் பல்லிலிருந்தும் டிஎன்ஏ எடுத்தார்கள். ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் காணாமற்போனவர்களின் வம்சத்தவர் கன்னத்தின் உட்புறம் பஞ்சால் துடைத்து அனுப்பினார்கள். பிள்ளை பெறாமலே இறந்த இளைஞர்கள்தான் பெரும்பாலும். அதனால் தம்பியின் பேரன், தங்கையின் பேத்தி என்று கிளைகளைத் தேடிப் போக வேண்டியிருந்தது. 2010 மார்ச்சில் 75 பேருக்குப் பெயர் கிடைத்தது. ஜூலைத் திறப்பு விழாவுக்குள் அது 96 ஆனது. பிறகும் ஆண்டுக்கு ஆண்டு கூடி, 150ஐத் தாண்டிவிட்டது. பெயர் கிடைக்கும்போதெல்லாம், ஆஸ்திரேலியச் சிப்பாய் ஒருவர் என்று மட்டும் எழுதியிருந்த பழைய கல்லைப் பெயர்த்துவிட்டுப் புதுக் கல்லை நடுகிறார்கள். அடியில் ஒரு வரி எழுதும் உரிமை குடும்பத்துக்கு. தாயும் தகப்பனும் எழுதியிருக்க வேண்டிய வரியை, அவரைப் பார்த்தேயிராத மூன்றாம் தலைமுறை எழுதுகிறது.

தமிழருக்கு இது அந்நியமான வேலையே அல்ல. நடுகல் நாட்டுவதைத் தொல்காப்பியம் கல்லைத் தேர்ந்து காண்பதில் தொடங்கி, நீராட்டி, நட்டு, வாழ்த்துவது வரை ஆறு கட்டங்களாகப் பிரிக்கிறது. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தில் காதைகள் பலவற்றின் பெயர்களே அந்தக் கட்டங்கள்தாம். நட்டு முடித்த கல்லைவிட அதை நடும் வேலையையே இலக்கணமாக எழுதிவைத்த மொழி இது.

ஃப்ரொமெலிலிருந்து சற்றுத் தொலைவில், நெவ் ஷபெல் என்ற இடத்தில், இந்தியப் படையினருக்கான நினைவுச் சின்னம் நிற்கிறது. 1927இல் திறந்தது. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் இறந்து, கல்லறை என்று ஒன்று அறியப்படாத 4,700க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் அங்கே கல்லில் இருக்கின்றன. சாதாரணச் சிப்பாயின் பெயரும் உண்டு. அதே போர்க் கல்லறை ஆணையம், இரண்டு ஆண்டு கழித்து, அன்று மெசொப்பொத்தேமியா எனப்பட்ட ஈராக்கின் பாஸ்ராவில் இன்னொரு சின்னம் திறந்தது. அங்கே பிரிட்டிஷாருக்குப் பெயர் உண்டு, இந்திய அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு. இந்தியச் சிப்பாய்களுக்கு மட்டும் படைப்பிரிவின் பெயருக்குக் கீழே ஓர் எண்ணிக்கை. பஞ்சாபிகளும் கூர்க்காக்களும் மட்டுமல்ல, மெட்ராஸ் சாப்பர்ஸ் படையினரும் போரிட்ட களம் அது. ஐரோப்பாவில் பெயர், மெசொப்பொத்தேமியாவில் எண். ஐரோப்பிய மண்ணில் பார்வையாளர் வருவார்கள், பாஸ்ராவுக்கு யார் வரப்போகிறார்கள் என்ற கணக்கைத் தவிர இதற்கு வேறு விளக்கம் தேடுவது கடினம்.

இதை ஆணையமே ஒப்புக்கொண்டுவிட்டது. 2021 ஏப்ரலில் அது வெளியிட்ட அறிக்கையின்படி, முதல் உலகப் போரில் இறந்த குறைந்தது 1,16,000 பேருக்கு, பெரும்பாலும் ஆப்பிரிக்கர்களுக்கும் மத்தியக் கிழக்கைச் சேர்ந்தவர்களுக்கும், பெயரோடு நினைவுச் சின்னம் இல்லை, அல்லது எந்தச் சின்னமுமே இல்லை. அந்த எண் 3,50,000 வரைகூட இருக்கலாம். பிரிட்டனின் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பு நல்லதுதான். ஆனால் ஃப்ரொமெல் மன்னிப்போடு நிற்கவில்லை. பணம் ஒதுக்கியது, தோண்டியது, பல்லை ஆய்வகத்துக்கு அனுப்பியது. வேலை இன்னும் ஓயவுமில்லை. அதே வடபிரான்சில், லாஸ் என்ற ஊரில் 1,200 பேர் வரை இடம்பெறும்படி ஒரு கல்லறைத் தோட்டத்தை விரித்து 2024 செப்டம்பரில் திறந்தார்கள். லான்ஸ் நகரத்தில் மருத்துவமனை கட்ட அஸ்திவாரம் தோண்டும்போது வெளிப்பட்ட எலும்புகளுக்காக அது.

நூறு ஆண்டுக்குப் பின்னும் இது முடியும் என்றால், காலம் கடந்துவிட்டது என்ற பதிலை இனி எந்த அரசும் சொல்ல முடியாது.

தமிழர்கள் அந்தப் பதிலைக் கேட்டுப் பழகிவிட்டார்கள். ஜப்பானியர் 1942-43இல் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதையில் போர்க் கைதிகளோடு வேலை செய்து மடிந்த ஆசியத் தொழிலாளர்களின் எண்ணிக்கை கைதிகளைவிடப் பல மடங்கு. அவர்களில் பெருந்தொகையினர் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள். போர் முடிந்த கையோடு, 1945 செப்டம்பரில், நேச நாட்டுக் குழு ஒன்று அந்தப் பாதை நெடுகப் போய் 144 இடுகாடுகளில் 10,549 கல்லறைகளைக் கண்டுபிடித்தது. காட்டுக்குள், மழைக்காலத்தில், அவ்வளவு துல்லியமாக. தேடியது போர்க் கைதிகளை மட்டும். இன்று தாய்லாந்தின் காஞ்சனபுரியில் அவர்களுக்கு வெட்டிய புல்லும் பெயர் பொறித்த கல்லும் இருக்கின்றன. அதே பாதையோரம் காலராவிலும் பசியிலும் செத்த தோட்டத் தொழிலாளியைத் தேடி ஒரு குழுவும் போகவில்லை. 2023இல் அதே காஞ்சனபுரியில் அவர்கள் நினைவாக ஒரு நடுகல் எழுந்தது, எழுப்பியவர்கள் வணங்கத்தக்கவர்கள். ஆனால் ஒரு கல் எல்லோருக்குமாக நிற்கிறது.

தோட்டம் தோட்டமாக, குடும்பம் குடும்பமாகப் பெயர்ப் பட்டியல் எடுக்கும் வேலையை மலேசிய அரசும் இந்திய அரசும் தமிழ்நாடு அரசும் சேர்ந்து எடுக்க வேண்டும். எங்லெசோஸ் தொடங்கியதும் ஒரு பட்டியலில்தான். பாதையோரம் எலும்பு வெளிப்படும்போதெல்லாம் டிஎன்ஏ எடுத்துவைக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்கக் குடும்பங்களிடமும் வாங்கிவைக்க வேண்டும். ஃப்ரொமெலில் தம்பி பேரனையும் தங்கை பேத்தியையும் தேடி அலைய வேண்டியிருந்தது. இங்கே, ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாத அப்பாவின் முகம் நினைவில்லாத மகனும் மகளும் மலேசியாவில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது.