பழைய பெட்டிக்கு வயசு மட்டும் போதாது

போன மாசம் என் அக்கா மகன் சென்னையிலிருந்து வந்திருந்தான். புது வீடு வாங்கியிருக்கான். கூடத்தில் வைக்க பழைய மரப்பெட்டி ஒண்ணு வேணும்னு சொல்லி, என்னையும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குக் கூட்டிக்கிட்டுப் போனான். அங்கே வரிசையா பழைய சாமான் கடைகள். தேக்குத் தூண், கதவு நிலை, ரவிவர்மா படம், ஸ்வீடன் எனாமல் பாத்திரம் எல்லாம் குவிஞ்சு கிடக்கும்.

ஒரு பெட்டியைக் காட்டி, "மாமா, இது நிசமாவே நூறு வருஷத்துப் பெட்டியா?"ன்னு கேட்டான்.

"கவுத்துப் பாரு மாப்ள"ன்னேன்.

எங்க ஊர் ஆசாரி சொல்லிக் கொடுத்தது இது. பாலிஷ் போட்ட முன்பக்கத்தை நம்பாதே, அடிப்பலகையைப் பாரு என்பார். கை ரம்பத்தில் அறுத்த பலகையில் கோடுகள் நேரா, ஆனா ஒழுங்கில்லாம விழுந்திருக்கும். வட்ட ரம்பம் வச்ச மிஷினில் அறுத்தா கோடு வில்லு மாதிரி வளைஞ்சிருக்கும். திருகாணித் தலையில் கூட்டல் குறி மாதிரி பள்ளம் இருந்தா, அந்த ஆணி 1930-களுக்கு முந்தினது இல்லை. பழைய வட்ட மேசையா இருந்தா குறுக்கும் நெடுக்கும் அளந்து பாக்கணும். மரம் ரேகைக்குக் குறுக்கேதான் அதிகமாச் சுருங்கும். அதனால வட்டம் லேசா முட்டை வடிவத்துக்கு வந்திருக்கும்.

இவன் காட்டின பெட்டி கை ரம்பத்தில் அறுத்ததுதான். கீல் மட்டும் பின்னாடி மாத்தினது. "எந்த ஊரு வீட்டுதுண்ணே?"ன்னு கடைக்காரரைக் கேட்டேன். "மொத்தமா வந்ததுண்ணே, தெரியாது"ன்னுட்டார்.

என் ஆதங்கம் இதுதான். வயசு தெரிஞ்சா வரலாறு தெரிஞ்சதா நினைச்சுக்கிறோம். பர்மா தேக்கையே எடுத்துக்குங்க. எல்லாரும் தடவிப் பாத்து ரசிக்கிறோம். அதுக்குப் பின்னால நெல்லு இருக்குன்னு எத்தனை பேருக்குத் தெரியும்? 1852-க்கு அப்புறம் கீழ் பர்மா முழுக்க வெள்ளைக்காரன் ஆட்சிக்கு வந்துச்சு. காட்டை அழிச்சு வயலாக்கின விவசாயிகளுக்கு நகரத்தார் கடன் கொடுத்தாங்க. அந்த வரவில்தான் இங்கே அரண்மனை மாதிரி வீடுகள் எழும்புச்சு. 1930 வாக்கில் நெல் விலை விழுந்துச்சு. கடன் கட்ட முடியல. 1937-ல் அங்கே முக்கியமான நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால் பங்கு நிலம் கடன் கொடுத்தவங்க கையில் இருந்துச்சு. 1942-ல் ஜப்பான் படை நுழைஞ்சதும் இவங்களும் சொத்தை விட்டுட்டு ஓடி வந்தாங்க. யாரையும் குத்தம் சொல்ல இதை எழுதல. கடன் வாங்கி நெல் போடுறவன் நான். அந்தத் தூணைப் பாக்கும்போது எனக்கு அந்த வயலும் தெரியுது.

பெரிய வீட்டுச் சாமானுக்காவது புத்தகம் இருக்கு. எங்களை மாதிரி ஆளுங்க வீட்டுச் சாமானுக்கு அதுவும் இல்லை. எங்க வீட்டில் ஒரு பத்தாயம் இருந்துச்சு. ஒவ்வொரு அறுப்புக்கும் எத்தனை மூட்டை உள்ளே போச்சுன்னு எங்க அய்யா மூடியின் உள்பக்கம் உளியால் கோடு போட்டு வச்சிருந்தார். மழை பொய்ச்ச வருஷத்துக்கு ரெண்டே கோடு. மகள் படிப்புச் செலவுக்காக அதை நான்தான் வித்தேன். வாங்கினவர் எங்க வாசலிலேயே ஆளை வச்சு இழைப்புளி போட்டார். சுருள் சுருளா கீழே விழுந்துச்சு. நானும் வாயைத் திறக்கல. மூடி பளபளன்னு ஆயிருச்சு, எங்க அய்யாவோட கணக்கு போயிருச்சு.

அதனால பட்டணத்துச் சொந்தங்களுக்கு ஒரு வார்த்தை. பழசை வாங்குறது தப்பில்லை. வாங்கும்போது எந்த ஊரு, யாரு வீடு, எதுக்குப் புழங்கினாங்கன்னு கேளுங்க. கீறலையும் கறையையும் அழிக்காதீங்க. உங்க அப்பத்தா வீட்டுச் சாமானை விக்கிறதுன்னா, அவங்களை உக்கார வச்சு விவரம் கேட்டு எழுதிட்டு அப்புறம் வில்லுங்க. வீட்டு வாசலைத் தாண்டிருச்சுன்னா சொல்றதுக்கு ஆள் கிடையாது.

மாப்ள அந்தப் பெட்டியை வாங்கிட்டான். கடை, தேதி, விலை, கீல் மாத்தின விவரம் எல்லாத்தையும் ஒரு தாளில் எழுதி மூடிக்குள்ளே ஒட்டச் சொன்னேன். அடுத்து வாங்குறவனுக்கு அவ்வளவாவது தெரியட்டும்.