விசுவாசம் என்ன ஒருவழிப் பாதையா?



கூடைப்பந்து பற்றி நான் எழுதும்போதெல்லாம் "தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கும் அமெரிக்காவின் என்.பி.ஏ.வுக்கும் என்ன தொடர்பு?" என்று சிலர் கேட்பதுண்டு. தொடர்பு இருக்கிறது. விளையாட்டு என்பது வெறும் பொழுதுபோக்கன்று. நம் பிள்ளைகள் நமக்குத் தெரியாமலேயே பயிலும் இன்னொரு பாடம். அந்தப் பாடத்தில் அண்மைக் காலமாக ஒரு பெரும் பிழை புகுந்துவிட்டது. அதைச் சுட்டிக்காட்டாமல் இருக்க என்னால் இயலவில்லை.

பிழை இதுதான். ஒரு வீரர் தம் ஒப்பந்தம் முடிந்த பின் வேறு குழுவுக்குச் சென்றால் அவர் 'துரோகி'. அதே வீரரை அவருடைய குழு அவரிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் வேறு ஊருக்கு அனுப்பிவிட்டால், அது 'வணிகம்'. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்னும் பழமொழிக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமா?

2010ஆம் ஆண்டு லெப்ரான் ஜேம்ஸ் கிளீவ்லாந்திலிருந்து மயாமிக்குச் சென்றார். ஒப்பந்தம் முடிந்தவர், எங்கு வேண்டுமானாலும் செல்ல முழு உரிமை பெற்றவர். ஆனால், கிளீவ்லாந்து இரசிகர்கள் அவருடைய ஆட்டச்சட்டையைத் தெருவில் போட்டு எரித்தார்கள். குழுவின் உரிமையாளரே அவரைத் தூற்றிப் பகிரங்கக் கடிதம் எழுதினார். 2016இல் கெவின் டுரண்ட் ஓக்லஹோமா சிட்டியை விட்டுக் கோல்டன் ஸ்டேட் குழுவுக்குச் சென்றபோதும் அதே கூச்சல், அதே தீ.

இப்போது நாணயத்தின் மறுபக்கத்தைப் பாருங்கள்.

2017ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். பாஸ்டன் செல்டிக்ஸ் குழுவின் ஐசேயா தாமஸ், விபத்தில் தம் தங்கையைப் பறிகொடுத்த மறுநாளே களமிறங்கி 33 புள்ளிகள் எடுத்தார். அடுத்த மாதம், மறைந்த அந்தத் தங்கையின் பிறந்தநாளன்று 53 புள்ளிகள் எடுத்தார். இடுப்புக் காயத்தோடு ஆடினார். அதே ஆண்டு ஆகஸ்டில் பாஸ்டன் அவரைக் கிளீவ்லாந்துக்கு அனுப்பிவிட்டுக் கைரி எர்விங்கைப் பெற்றுக்கொண்டது. அந்தக் காயத்திலிருந்து தாமஸின் ஆட்டம் முழுமையாக மீளவே இல்லை. பாஸ்டன் நிருவாகத்தைத் 'துரோகி' என்று எத்தனை பேர் அழைத்தார்கள்? "புத்திசாலித்தனமான முடிவு" என்றல்லவா பலர் பாராட்டினார்கள்!

சரி, இவற்றையெல்லாம் மிஞ்சிய நிகழ்வுக்கு வருவோம்.

2025 பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை. மலேசிய நேரப்படி பிற்பகல் ஒரு மணிக்குப் பிறகு அந்தச் செய்தி வந்தது. டாலஸ் மாவெரிக்ஸ் குழு லூக்கா டோன்சிச்சை லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் குழுவுக்குக் கொடுத்துவிட்டது. பதிலுக்கு ஆண்டனி டேவிஸ், மேக்ஸ் கிறிஸ்டி, 2029ஆம் ஆண்டின் ஒரே ஒரு முதல் சுற்றுத் தேர்வு உரிமை ஆகியவற்றைப் பெற்றுக்கொண்டது. உலகெங்கும் இரசிகர்கள் அதைப் பொய்ச்செய்தி என்றே முதலில் எண்ணினார்கள். எண்ணாமல் என்ன செய்வார்கள்? டோன்சிச்சுக்கு அப்போது வயது 25. அதற்கு முந்திய ஐந்து பருவங்களிலும் என்.பி.ஏ.வின் தலைசிறந்த ஐவர் அணியில் இடம்பிடித்தவர். 2023-24 பருவத்தில் ஆட்டத்திற்குச் சராசரி 33.9 புள்ளிகள் எடுத்து முதலிடம் பெற்றவர். எட்டு மாதங்களுக்கு முன்புதான் டாலஸை இறுதித் தொடர் வரை அழைத்துச் சென்றவர்.

இந்தப் பரிமாற்றத்தைப் பொது மேலாளர் நிக்கோ ஹாரிசன் திரைமறைவில் பேசி முடித்தார். ஏனைய குழுக்களிடம் கேட்டுப் பார்க்கவில்லை. லேக்கர்ஸ் என்னும் ஒரே குழுவுடன் பேச்சு; ஒரே முடிவு. வீட்டுச் சாமானை விற்பவர்கூட நான்கு கடைகளில் விலை கேட்பாரே! டோன்சிச்சுக்கோ எல்லாம் முடிந்த பிறகே தகவல் சொல்லப்பட்டது.

கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கிய கதை இது.

இதற்கு ஆதரவாகக் கூறப்பட்ட காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். எதிர்த்தரப்பின் வாதத்தைக் கேளாமல் தீர்ப்பு எழுதுவது முறையன்று.

முதல் வாதம்: தற்காப்பு ஆட்டமே கிண்ணத்தை வெல்லும், டோன்சிச் தற்காப்பில் பலவீனமானவர், உடற்கட்டைப் பேணாதவர், அடிக்கடி காயமடைபவர்.

டோன்சிச் தற்காப்பில் சிறந்தவர் என்று நானும் கூறமாட்டேன். அந்தச் சமயத்தில் அவர் கெண்டைக்கால் காயத்தால் ஓய்வில் இருந்தார் என்பதும் உண்மைதான். ஆனால், காயத்திற்கு அஞ்சியவர்கள் யாரை வாங்கினார்கள்? நீண்ட காய வரலாறு கொண்ட, 32 வயதை நெருங்கிக்கொண்டிருந்த ஆண்டனி டேவிஸை! டேவிஸ் மிகச் சிறந்த ஆட்டக்காரர், அதில் ஐயமில்லை. ஆயினும், டாலஸுக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே, பிப்ரவரி 8ஆம் நாள், காயமடைந்து வெளியேறினார். பல வாரங்கள் திரும்பவில்லை. மழைக்கு அஞ்சி ஆற்றில் இறங்கியதைத் தவிர வேறென்ன இது?

இரண்டாம் வாதம்: டோன்சிச்சுக்கு ஏறக்குறைய 345 மில்லியன் டாலருக்கு ஐந்தாண்டு ஒப்பந்தம் வழங்க வேண்டியிருக்கும், அவ்வளவு பணத்தை ஒருவரை நம்பி எப்படிக் கொடுப்பது?

அந்தத் தொகையைப் பெறும் தகுதி ஒரு வீரருக்குத் தாம் வளர்ந்த குழுவில் நீடித்தால் மட்டுமே கிடைக்கும். அதாவது, விசுவாசத்திற்கு என்.பி.ஏ. விதிகளே வைத்துள்ள பரிசு அது. பரிசை நெருங்கும் நேரத்தில் வீரரை வெளியேற்றிவிட்டு, "வணிகம்" என்கிறார்கள். டோன்சிச் பின்னர் 2025 ஆகஸ்டில் லேக்கர்ஸ் குழுவுடன் மூன்றாண்டுகளுக்கு 165 மில்லியன் டாலருக்குக் கையெழுத்திட்டார். "இவ்வளவு பணம் வாங்குபவருக்காக நாம் ஏன் இரங்க வேண்டும்?" என்று நீங்கள் கேட்கலாம். நான் பணத்திற்காக இரங்கவில்லை. வாக்குறுதி போன்ற ஒரு விதியை வைத்துவிட்டு அதைக் கைக்கெட்டும் தூரத்தில் பறிக்கும் போக்கைத்தான் கண்டிக்கிறேன். தொகை பெரிதென்பதால் நியாயம் சிறிதாகிவிடாது.

மூன்றாம் வாதம்: டொராண்டோவைப் பாருங்கள்! 2018இல் டிமார் டிரோசனைக் கொடுத்துக் கவாய் லெனார்ட்டை வாங்கினார்கள். 2019இல் கிண்ணம் வென்றார்கள்.

இதுதான் எதிர்த்தரப்பின் மிக வலிமையான வாதம். இதை நான் தட்டிக்கழிக்கப் போவதில்லை. ஒன்பது பருவங்கள் டொராண்டோவுக்காக ஆடியவர் டிரோசன். நட்சத்திரங்கள் அந்தக் குளிர் நாட்டை விட்டு ஓடிய காலத்தில், "நான் இருக்கிறேன்" என்று நின்றவர். தம்மிடம் ஒன்று கூறப்பட்டது, நடந்தது வேறொன்று என்று அவர் வெளிப்படையாகவே வருந்தினார். கிண்ணம் கிடைத்தது உண்மை. கிண்ணத்தைப் பெற்றுத் தந்த லெனார்ட் ஓராண்டிலேயே புறப்பட்டுச் சென்றதும் உண்மை. ஆனாலும், விளையாட்டுக் கணக்கில் டொராண்டோ செய்தது சரி. தம்மிடம் இருந்தவரைவிட மேலான ஆட்டக்காரரைப் பெற்றார்கள். டாலஸ் செய்ததோ தலைகீழ்! மேலானவரை, இளையவரைக் கொடுத்து மூத்தவரை வாங்கினார்கள். டொராண்டோவின் நிழலில் டாலஸ் ஒதுங்க முடியாது.

நல்ல பரிமாற்றம் எப்படி இருக்கும் என்று அறிய ஓக்லஹோமா சிட்டியைப் பாருங்கள். 2019இல் பால் ஜார்ஜ் தாமாகவே வெளியேற விரும்பினார். குழு சினங்கொள்ளவில்லை. அவரை அனுப்பி, ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டர் என்னும் இளைஞரையும் ஐந்து முதல் சுற்றுத் தேர்வுகளையும் பெற்றது. அத்தேர்வுகளில் ஒன்றே பின்னாளில் ஜேலன் வில்லியம்ஸ் ஆனது. பொறுமையாகக் காத்திருந்த அக்குழு 2025இல் இந்தியானாவை 4-3 என்று வீழ்த்தி வாகை சூடியது. ஐந்து தேர்வுகள் எங்கே, ஒரே ஒரு தேர்வு எங்கே!

இன்னொன்றையும் மறவாதீர்கள். டோன்சிச்சைச் சுற்றி வலுவான குழுவைக் கட்டுவதற்காக டாலஸ் தன் எதிர்காலத்தை ஏற்கெனவே அடகு வைத்திருந்தது. எர்விங், வாஷிங்டன், கஃபர்ட் போன்றோரைப் பெறுவதற்காக 2027 முதல் 2030 வரையிலான தன் முதல் சுற்றுத் தேர்வுகளின் மீதான முழு உரிமையை அது இழந்திருந்தது. வீடு கட்டக் கடன் வாங்கிவிட்டு, வீட்டையே விற்றுவிட்டால் மிஞ்சுவது கடன்தானே?

நான்காம் வாதம்: கடைசியில் டாலஸுக்குக் கூப்பர் ஃபிளாக் கிடைத்துவிட்டாரே! எல்லாம் நன்மைக்கே.

இந்த வாதத்தைக் கேட்கும்போதுதான் எனக்குச் சிரிப்பும் சினமும் ஒருங்கே வருகின்றன. 2025 மே மாதக் குலுக்கலில் டாலஸ் முதலிடம் பெறும் வாய்ப்பு 1.8 விழுக்காடு மட்டுமே. அந்தக் குலுக்கலில் கலந்துகொள்ளும் 'தகுதி'யும் எப்படிக் கிட்டியது? மார்ச் மாதம் எர்விங் முழங்காலில் காயமடைய, 39 வெற்றி 43 தோல்வி என்று பருவத்தை முடித்து, வெளியேற்றுச் சுற்றுக்குள் நுழைய முடியாமல் போனதால் கிட்டியது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தால், "காக்கையின் திட்டத்தைப் பாரீர்" என்று புகழ்வோமா? விடைத்தாளில் கண்ணை மூடிக்கொண்டு வட்டமிட்ட மாணவனுக்கு ஒரு புள்ளி தரலாம். அவனுடைய முறையை வகுப்புக்குப் பாடமாகக் காட்டக்கூடாது. நிருவாகத்தின் மனமும் இறுதியில் மாறியது. அடுத்த பருவம் 3 வெற்றி 8 தோல்வி என்று தொடங்கியபின், 2025 நவம்பர் 11ஆம் நாள் ஹாரிசன் பதவி நீக்கப்பட்டார். ஆட்டத்திற்கு ஆட்டம் அரங்கில் முழங்கிய இரசிகர்களின் குரல் ஒன்பது மாதம் கழித்துச் செவியில் விழுந்தது.

லேக்கர்ஸ் பக்கமும் அனைத்தும் பொன்மழை என்று நான் சொல்லவில்லை. 2025 முதல் சுற்றிலேயே மின்னசோட்டாவிடம் 4-1 என்று தோற்றார்கள். ஒரு நட்சத்திரம் வந்துவிட்டால் கிண்ணம் தானாக வராது. உயரமான நடுக்கள ஆட்டக்காரரை இழந்த பிறகு கூடையின் அடியில் யார் நிற்பது என்னும் கேள்விக்கு அத்தொடரில் அவர்களிடம் விடையில்லை. ஆயினும், 25 வயது மேதையை வைத்துக்கொண்டு விடை தேடுவதும், அவரை இழந்துவிட்டு விடை தேடுவதும் ஒன்றல்ல.

டாலஸ் நகரம் விசுவாசத்தின் பெருமையை அறியாத ஊருமன்று. டிர்க் நோவிட்ஸ்கி 21 பருவங்கள் அந்த ஒரே குழுவுக்காக ஆடினார். எத்தனையோ ஏமாற்றங்களுக்குப் பின் 2011இல் கிண்ணம் வென்று தந்தார். அரங்கின் வெளியே அவருக்குச் சிலை இருக்கிறது. அந்தச் சிலையின் அருகில்தான் 2025 பிப்ரவரியில் இரசிகர்கள் சவப்பெட்டி வைத்துத் துக்கம் காத்தார்கள். ஏப்ரல் 9ஆம் நாள் டோன்சிச் எதிரணியாளராக அதே அரங்கிற்குத் திரும்பினார். தம்மைப் பற்றிய காணொளியைப் பார்த்துக் கண்ணீர் விட்டார். பின்பு 45 புள்ளிகள் எடுத்தார். சிலையை வெளியே வைத்துவிட்டு, சிலைக்குரிய பண்பை உள்ளே விற்றுவிட்டார்களே என்பதுதான் என் வருத்தம்.

அப்படியானால் பரிமாற்றமே கூடாதா? அவ்வாறு நான் கூறவில்லை. ஆசிரியர்களாகிய நாங்களும் இடமாற்றம் பெறுபவர்கள்தாம். பணியின் தேவை கருதி ஊர் மாறுவதில் இழிவில்லை. ஆனால், முன்னறிவிப்பும் முறையீட்டு வாய்ப்பும் இருக்க வேண்டும் என்பதுதானே நம் எதிர்பார்ப்பு? ஐரோப்பியக் காற்பந்தில், வீரர் தாம் சேரவிருக்கும் சங்கத்துடன் உடன்படாவிட்டால் அவரை விற்க இயலாது. அமெரிக்கப் பேஸ்பாலில், பத்தாண்டுகள் ஆடி அவற்றுள் கடைசி ஐந்தாண்டுகளை ஒரே குழுவில் கழித்தவர் பரிமாற்றத்தை மறுக்கலாம். என்.பி.ஏ.விலோ எட்டாண்டு அனுபவமும் அக்குழுவில் நான்காண்டுச் சேவையும் இருந்தால்தான் அத்தகைய உரிமையை ஒப்பந்தத்தில் கேட்கவே முடியும்; கேட்டாலும் குழு கொடுக்க வேண்டுமென்பதில்லை. ஏழாவது பருவத்தில் இருந்த டோன்சிச்சுக்குக் கேட்கும் தகுதியே இல்லை.

என் கோரிக்கை எளியது. ஒரே குழுவில் ஐந்து பருவங்கள் முடித்த வீரருக்குப் பரிமாற்றத்தை மறுக்கும் உரிமை விதியாகவே வேண்டும். இதனால் குழுக்கள் அழிந்துவிடா. காற்பந்துச் சங்கங்கள் அழிந்தா போயின?

நம் பள்ளிகளில் நன்னெறிக் கல்விப் பாடத்தில் நன்றியுணர்வு, நேர்மை, நீதியுடைமை என்றெல்லாம் கற்பிக்கிறோம். மாலையில் அதே பிள்ளைகள், வெளியேறிய வீரரைத் தூற்றும் காணொளிகளையும், வெளியேற்றிய நிருவாகத்தைப் புகழும் காணொளிகளையும் கைப்பேசியில் பார்க்கிறார்கள். நன்றி என்பது எளியவன் வலியவனுக்குச் செலுத்த வேண்டிய வரி என்றும், வலியவன் திருப்பித் தர வேண்டியதில்லை என்றும் அவர்கள் கற்றுக்கொண்டால், நாளை ஒரு முதலாளியிடம் வேலைக்குச் சேரும்போது எதை எதிர்பார்ப்பார்கள்? எதைக் கேட்கத் துணிவார்கள்?

ஆதலால், அடுத்த முறை ஒரு வீரர் குழு மாறும்போது, தூற்றுவதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: அவர் சென்றாரா, அனுப்பப்பட்டாரா? சென்றவரை எந்த அளவுகோலால் அளக்கிறீர்களோ, அனுப்பியவரையும் அதே அளவுகோலால் அளந்து பாருங்கள். இரண்டு அளவுகோல் வைத்திருப்பவன் வணிகத்தில்கூட நேர்மையானவன் அல்லன்.

சிந்திப்போம். மாற்றுக் கருத்துடையோர் தயங்காமல் எழுதுங்கள்; விவாதிப்போம்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியன்