விளையாட்டில் அரியர் கிடையாது

இன்ஜினியரிங் படித்த யாரும் ஒரு கேள்வியை மறக்க மாட்டார்கள். கேம்பஸ் இன்டர்வியூ படிவத்தில் பெயர், துறை, பத்தாவது மதிப்பெண், பன்னிரண்டாவது மதிப்பெண் என்று நிரப்பிக்கொண்டே வந்தால் கடைசியில் ஒரு கட்டம் இருக்கும்: ஸ்டாண்டிங் அரியர் எத்தனை? நாம் அரியர் என்பதை வடக்கே பேக்லாக் என்பார்கள். காசு கொடுத்து வாங்கி, இன்னும் ஆடி முடிக்காத வீடியோ கேம்களுக்கும் இப்போது உலகம் முழுக்க அதே பெயர்தான். பெயர் வந்த கையோடு அந்தப் பழைய பயமும் வந்து ஒட்டிக்கொண்டது.

பேக்லாக்கைக் குறைப்பது எப்படி என்று யூடியூபில் யாராவது வகுப்பெடுக்காத வாரம் கிடையாது. பட்டியல் போடு, வரிசைப்படுத்து, நேரம் ஒதுக்கு, முடி, டிக் அடி. இந்த உபதேசம் அடியோடு தப்பு என்பது என் கட்சி. வெளியே நின்று சொல்லவில்லை. ஒரு வருஷம் முழுக்க அதைக் கடைப்பிடித்து, நன்றாகவே ஜெயித்துவிட்டுச் சொல்கிறேன்.

என் ஸ்டீம் கணக்கில் 214 கேம்கள் இருந்தன. அதில் 131 கேம்களை ஒருமுறைகூடத் திறந்ததில்லை. எல்லாம் கோடைத் தள்ளுபடி, தீபாவளித் தள்ளுபடி, நள்ளிரவு சபலம். ஒரு ஜனவரி முதல் தேதி உட்கார்ந்து எக்ஸெல் போட்டேன். பெயர், வகை, முன்னுரிமை, நிலை. முடிக்க எத்தனை மணி நேரமாகும் என்பதற்கு ஒரு பத்தி. அந்தக் கணக்கைத் தருவதற்கென்றே ஹவ் லாங் டு பீட் என்றொரு தளம் இருக்கிறது. ஆடியவர்கள் தங்களுக்கு ஆன நேரத்தைப் பதிவார்கள், அது சராசரி சொல்லும். அந்த எண்ணை வைத்துச் சின்னதிலிருந்து பெரியதாக அடுக்கினேன். சின்னதை முதலில் முடித்தால் எண்ணிக்கை சட்டென்று ஏறும் அல்லவா?

இதைக் காலேஜில் ஆபரேட்டிங் சிஸ்டம் பாடத்தில் படித்திருக்கிறோம். ஷார்ட்டஸ்ட் ஜாப் ஃபர்ஸ்ட். குறைந்த நேரம் கேட்கும் வேலையை முதலில் ஓட்டினால் சராசரிக் காத்திருப்பு குறையும். அதே பாடத்தில் அதன் குறையையும் சொல்லித் தந்தார்கள்: புதிய சின்ன வேலைகள் வந்துகொண்டே இருந்தால் பெரிய வேலைக்கு முறையே வராது. அதற்குப் பெயர் ஸ்டார்வேஷன், பட்டினி. என் எக்ஸெலிலும் அதுதான் நடந்தது. இரண்டு மணி நேரக் கேம்கள் சரசரவென்று முடிந்தன. ஐம்பது மணி நேரத்துக்கு மேல் கேட்கும் 'விட்ச்சர் 3' அடியிலேயே கிடந்தது. பத்தி பத்தியாகப் படிக்க வேண்டிய, பேச்சே விளையாட்டாக இருக்கும் 'டிஸ்கோ எலிசியம்' அதற்குச் சற்று மேலே கிடந்தது. நான் எதற்காகக் கேம் ஆட ஆரம்பித்தேனோ, அந்த மாதிரிக் கேம்கள்தான் பட்டினி கிடந்தன.

டிசம்பரில் எண்ணிப் பார்த்தேன். 31 கேம்கள். நண்பர்கள் குழுவில் படம் பிடித்துப் போட்டேன். கைதட்டல் எமோஜிகள் வந்தன. ஒருத்தன் மட்டும், "அவுட்டர் வைல்ட்ஸ் முடிச்சிட்டியா! சொல்லு சொல்லு, எந்த இடத்துல உனக்குப் புரிஞ்சுது?" என்று கேட்டான். நான் உண்மையைச் சொன்னேன். நடுவில் சிக்கிக்கொண்டேன், ஸ்கெட்யூல் தள்ளிப்போனது, கைடு பார்த்து முடித்தேன்.

"கைடு பாத்தியா? போச்சு போ" என்றான். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை.

ஏன் அப்படிச் சொன்னான் என்று விளக்க வேண்டும். 'அவுட்டர் வைல்ட்ஸ்' 2019இல் வந்த கேம். ஒரு சின்ன சூரியக் குடும்பம். 22 நிமிடத்தில் சூரியன் வெடிக்கும். நீங்கள் செத்து, திரும்ப அதே காலையில் கண்விழிப்பீர்கள். புதுத் துப்பாக்கி கிடைக்காது, சக்தி ஏறாது, லெவல் கிடையாது. போன முறை எதைக் கண்டுபிடித்தீர்களோ அந்த அறிவு மட்டும் மிஞ்சும். கடைசியில் போக வேண்டிய இடத்துக்கு முதல் நாளே போய்விடலாம், வழி தெரிந்திருந்தால். அதாவது, தெரியாமல் இருப்பதுதான் அந்தக் கேம். தெரிந்துகொள்வது ஒரே ஒரு முறைதான் நடக்கும். அந்த ஒரு முறையை நான் ஒரு டிக் மார்க்குக்காக விற்றேன். இனி அந்தக் கேமை எத்தனை முறை இன்ஸ்டால் செய்தாலும் அது எனக்குக் கிடைக்காது.

"அப்போ வாங்கின காசு வீணா?" என்று கேட்பீர்கள். காசு வாங்கிய அன்றே போய்விட்டது. பிடிக்காத கேமில் இருபது மணி நேரம் உட்கார்ந்தால் அது திரும்பி வராது, கூடவே இருபது மணி நேரமும் போகும். வாங்கி 14 நாளுக்குள், ஆடியது இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தருகிறது. கடைக்காரரே "பிடிக்காட்டி விடுப்பா" என்கிறார். நாம்தான் விட மாட்டேன் என்கிறோம்.

"ஒழுங்கே வேண்டாமா? இல்லாவிட்டால் பத்துக் கேமைத் தொட்டுத் தொட்டு எதிலும் நிற்க மாட்டோமே?" இது நியாயமான கேள்வி. ஆபீஸில் கான்பான் பலகையில் ஒரு வரம்பு வைப்போம்: ஒரே சமயத்தில் கையில் இத்தனை வேலைக்கு மேல் கூடாது. அந்த ஒன்றை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் கணினியில் ஒரு நேரத்தில் ஒரு கேம்தான் இருக்கும். அடுத்தது எது என்று பட்டியல் கிடையாது. இது முடிந்தபின், அல்லது சலித்தபின், அன்றைக்கு மனசு எதைக் கேட்கிறதோ அது.

முடிப்பது என்றால்தான் என்ன? நின்டெண்டோ வெளியிட்ட 'டெட்ரிஸ்' 1989இல் வந்தது. 2023 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு 13 வயதுப் பையன் அதை நிரலே உறைந்து நிற்கும் இடம்வரை ஆடினான். அதுவரை 34 வருஷம் எந்த மனிதரும் அங்கே போனதில்லை. இடைப்பட்ட காலத்தில் அதை ஆடிக் களித்தவர்கள் எல்லாம் அரியர் கேஸ்களா?

கேம் ஆடாதவர்கள் சிரிக்க வேண்டாம். ஜனவரியில் "இந்த ஆண்டு 52 புத்தகம்" என்று குட்ரீட்ஸில் சபதம் போட்டுவிட்டு, நவம்பரில் பக்கம் குறைந்த தொகுப்புகளாகத் தேடிப்பிடித்து எண்ணிக்கையை நிரப்புகிறவர்கள் உங்களிலும் உண்டு. அதுவும் ஷார்ட்டஸ்ட் ஜாப் ஃபர்ஸ்ட்தான். புத்தகக் கண்காட்சியில் வாங்கிய தடித்த நாவல் அலமாரியில் பட்டினி கிடக்கிறது.

பேக்லாக் என்ற சொல்லின் ஆதி அர்த்தம் வேறு. குளிர்நாட்டு வீடுகளில் கணப்படுப்பின் பின்பக்கம் ஒரு பெரிய மரக்கட்டையை வைப்பார்கள். அது மெல்ல எரிந்து நெருப்பை அணையாமல் காக்கும். அந்தப் பின்கட்டைதான் பேக்லாக். 'நிலுவை' என்ற பொருள் இருபதாம் நூற்றாண்டில் ஏறியது. அடுப்பில் கட்டை மிச்சமிருக்கிறதே என்று யாரும் அழ மாட்டார்கள்.

எக்ஸெலை அழித்துவிட்டேன். 'டிஸ்கோ எலிசியம்' மூன்று மாதமாக ஓடுகிறது, இன்னும் பாதிகூடத் தாண்டவில்லை. 'அவுட்டர் வைல்ட்ஸை'த் தம்பிக்கு வாங்கிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் ஆடுவான், நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அதில் இரட்டைக் கோள்கள் உண்டு, ஒன்றிலிருந்து மற்றதற்கு மணல் கொட்டிக்கொண்டே இருக்கும். போன வாரம் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவன் திரும்பி, "அண்ணே, இந்த மணல் எல்லாம் போனா அடியில என்ன இருக்கும்?" என்றான்.

எனக்குத் தெரியும். கைடில் படித்தேன்.

"தெரியலடா, இருந்து பாப்போம்" என்றேன்.