முதிய குரங்குகளிடம் எதைக் கேட்பது?

உயிரணுக்களுக்கு ஆற்றல் வழங்கும் மைட்டோகாண்ட்ரியா பழுதடைவதே மூப்புக்குக் காரணம் என்னும் கருத்து அரை நூற்றாண்டுப் பழமையுடையது. அதனை உயிரின் கடிகாரமாகக் கொள்ளலாமா என டென்ஹாம் ஹார்மன் 1972இல் வினவினார். இன்று அக்கடிகாரத்துக்குள் நேரடியாகச் சென்று சேரும் சேர்மங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றான மைட்டோகியூ, தன் நேர்மின்னூட்டத்தால் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் பலநூறு மடங்கு செறிவடைகிறது.

2018இல் வெளிவந்த ஆய்வில், 60 முதல் 79 வயது வரையிலான 20 பேர் அதனை ஆறு வாரம் உட்கொண்டபோது இரத்த நாளங்களின் விரியும் திறன் மேம்பட்டது. மதிக்கத்தக்க முடிவுதான். ஆயினும் நாளம் விரிந்ததை முதுமை விலகியதாகப் பெயர்த்துரைப்பது சொல்லின் பொருளைக் குலைக்கிறது. இச்சேர்மம் துணையுணவாக விற்பனைக்கும் வந்துவிட்டதால், அக்குழப்பத்தின் விலையை முதியவர்களே கொடுக்கிறார்கள்.

ஆறு வாரத்துக்கும் ஆயுளுக்கும் இடையிலான தொலைவை, சில ஆண்டுகளே வாழும் சுண்டெலியைக் கொண்டு அளந்துவிட முடியாது. தசை மெலிவு, நீரிழிவு, கண்புரை என மனிதரைப் போலவே மூப்படையும் ரீசஸ் குரங்கு நெருங்கிய சான்றாகும். ஆகவே முதிய குரங்குகளில் சோதனை தேவை. ஆனால் கேள்வியின் அமைப்பே விடையைத் தீர்மானிக்கும்.

உணவுக்குறைப்பு ஆய்வுகள் இதற்குப் பாடம். 1980களின் இறுதியில் அமெரிக்காவின் இரு நிலையங்களில் அவை தொடங்கின. மூப்பு சார்ந்த இறப்புகள் குறைந்தன என விஸ்கான்சின் குழு 2009இல் அறிவித்தது. ஆயுள் நீளவில்லை எனத் தேசிய மூப்பியல் நிறுவனத்தின் குழு 2012இல் அறிவித்தது. விஸ்கான்சினில் ஒப்பீட்டுக் குரங்குகள் வேண்டிய மட்டும் உண்டன. மற்ற நிலையத்தில் அவற்றுக்கும் உணவு அளந்தே வைக்கப்பட்டது. உணவின் சேர்க்கையும் தொடங்கிய வயதும்கூட வேறுபட்டன. இரு தரவுகளையும் ஒப்பிட்டு இவ்வேறுபாடுகளை விளக்கிய கூட்டுக் கட்டுரை 2017இல்தான் வந்தது. ஒரே பெயர் இரு வேறு சோதனைகளைக் குறித்திருக்கிறது.

மைட்டோகாண்ட்ரியச் சேர்மங்களுக்கு இது நேரக்கூடாது. குறைந்தது இரு நிலையங்கள் ஒரே செயல்முறையை முன்கூட்டியே வகுத்து வெளியிட வேண்டும். முதுமையில் தொடங்கி, இரு பாலினக் குரங்குகளையும் சேர்த்து, நடை, நினைவு, பார்வை, நோய், இறப்பு அனைத்தையும் பதிய வேண்டும். குருதிக் குறியீடுகள் துணைச் சான்றாக நிற்கட்டும்.

சோதனைக்கூடக் குரங்கு தன் முதுமை முழுவதையும் அறிவியலுக்குக் கொடுக்கிறது. தெளிவற்ற கேள்விக்காக அதனை வாங்கிக்கொள்ள எந்த ஆய்வாளருக்கும் உரிமையில்லை.